ஓணான்முதுகில் பன்னிரண்டு பேர்

தாடையில் வந்தால்தான் பயப்பட வேண்டும் என்று டாக்டர் சொன்னாரா, தாடையில் வந்தாலும் பயப்பட வேண்டாம் என்று சொன்னாரா? ஓணான்முதுகு மலையின் ஒற்றையடிப் பாதையில் வரிசைக்குக் கடைசி ஆளாக நடந்துகொண்டிருந்த தனுஷ்கோடி இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். இடது தாடையில், கடைவாய்ப் பல்லுக்குக் கீழே, யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. வலி என்று சொல்ல முடியாது. சொல்ல அவர் தயாராகவும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் பென்ஷன் காகிதத்துக்காகத் தாலுகா ஆபீஸ் மாடிப்படி ஏறியபோது நெஞ்சுக்கு நடுவில் ஒரு பிடிப்பு வந்து, நடுப்படியில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து சமாளித்தார். அன்று சாயங்காலமே தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தார். ஈசிஜி எடுத்த டாக்டர் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எதுக்கும் ட்ரெட்மில் டெஸ்ட் ஒண்ணு எடுத்துப் பாத்துருவோம், வர்ற செவ்வாய்க்கிழமை வாங்க" என்றார். அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது, போனது, அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையும் போனது. மனைவி இந்திராணியிடம் சொல்லவில்லை. நடைக் குழுவின் படிவத்தில் 'இதயக் கோளாறு உண்டா?' என்று கேட்டிருந்த இடத்தில் இல்லை என்று அழகான கையெழுத்தில் எழுதினார். பொய் இல்லையே, இன்னும் யாரும் உண்டு என்று சொல்லவில்லையே. அளந்தால்தான் தகராறு வரும் என்பது சர்வேயராக முப்பத்துநான்கு வருஷம் திண்டுக்கல்லைச் சுற்றி நிலம் அளந்தவருடைய அனுபவம். அளக்காதவரை அண்ணனும் தம்பியும் ஒரே வரப்பில் உட்கார்ந்து பீடி குடிப்பார்கள்.

முன்னால் ஆறேழு அடியில் எஸ்தர் டீச்சரின் ஊதா நிறத் தொப்பி போய்க்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு முதுகு, இன்னொரு முதுகு, முதுகுகளாகவே ஒரு வரிசை, எல்லாவற்றுக்கும் முன்னால் வழிகாட்டியின் கம்பளிக் குல்லா. வழிகாட்டியை விட்டுவிட்டால் பன்னிரண்டு பேர். தினம் விடியற்காலையில் ஒரே மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வரும் பன்னிரண்டு பேர் வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு மலைக்கு வந்து நேராக நடப்பார்கள், அவ்வளவுதான் இந்தக் குழு. தலைவர் கதிரேசன் அரிசி மண்டிக்காரர். மண்டியில் மூட்டை எண்ணும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று ஆரம்பிப்பார்கள் இல்லையா, அந்தப் பழக்கத்தை அவர் மலைக்கும் கொண்டுவந்துவிட்டார். நிற்கிற இடத்திலெல்லாம் தலை எண்ண வேண்டும். முதலில் நிற்பவர் லாபம் என்பார், அடுத்தவர் ரெண்டு, அதற்கடுத்தவர் மூணு. யார் எந்த இடத்தில் நிற்கிறாரோ அந்த எண், அப்படியே பின்னால் வரும். கடைசி ஆள் பன்னிரண்டு என்றதும் கதிரேசன் "சரி, கிளம்பலாம்" என்பார். காலையிலிருந்து மூன்று தடவை எண்ணியாயிற்று, மூன்று தடவையும் பன்னிரண்டு தனுஷ்கோடிதான். அவருக்கு இது பிடித்திருந்தது. ஒரு நாள் முழுக்க மற்றவர்களுக்கு அவர் கொடுக்க வேண்டியது ஒரே ஒரு சொல். கடைசி ஆளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றால் கேட்பதில்லை. மூச்சு வாங்குவது யாருக்கும் தெரிவதில்லை. வேனிலிருந்து இறங்கியபோதே எல்லாருக்கும் வழிவிட்டு ஒதுங்கி நின்று இந்த இடத்தைப் பிடித்தார். "மச்சான், நீங்க முன்னாடி வாங்க, நான் பின்னாடி வாறேன்" என்று ராஜாங்கம் கத்தியதற்குக் கையை மட்டும் ஆட்டினார். ராஜாங்கம் இந்திராணியின் தம்பி. அவன் ரகசியம் பேசினாலே அடுத்த தெருவில் ஜன்னல் திறப்பார்கள்.

வாயுதான். மத்தியானம் பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டது லெமன் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும், உருளைக்கிழங்கு சும்மா இருக்குமா. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இதயமே கிடையாது, இருப்பதெல்லாம் வாயுதான். இடுப்பில் பிடித்தால் வாயு, தோளில் குத்தினால் வாயு, அப்புறம் ஒரு நாள் வாசலில் சாமியானா போட்டிருக்கும், கேட்டால் முந்தின நாள்கூட வாயுன்னுதான் சொன்னாரு என்பார்கள். தனுஷ்கோடி ஒரு ஏப்பத்துக்காகக் காத்திருந்தார். ஒரே ஒரு ஏப்பம் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும். வரவில்லை. இடது பக்கம் மலை சட்டென்று இறங்கி கேரளத்துக்குள் போனது. வலது பக்கம் புல் சரிவு, அதற்குக் கீழே சோலைக்காடு, அதற்கும் கீழே வெயிலில் வெளுத்துக் கிடக்கும் சமவெளி, அதில் ஏதோ ஒரு குளம் தகரத் துண்டுபோல் மின்னியது. பாதை இரண்டுக்கும் நடுவில் சரியாக உச்சியில் போனது. இங்கே ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டினால் பாதி அந்தக் கடலுக்கும் பாதி இந்தக் கடலுக்கும் போகும் என்று அவருக்குத் தோன்றியது. மற்றவர்கள் காலையிலிருந்து ஆகா ஆகா என்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு ஆகா வரவில்லை. எல்லை நன்றாக இருக்கிறது, கல் நடத் தேவையில்லை என்று நினைத்தார். வாழ்நாள் முழுக்க எல்லையில் நின்றவர்தான். இந்தப் பக்கம் ஒருத்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்துவான், அந்தப் பக்கம் ஒருத்தி மண்ணை வாரித் தூற்றுவாள், நடுவில் நின்று அவர் நோட்டில் எண் எழுதுவார். அவருக்குக் கோபம் வராது, பாவமும் வராது. சார் தங்கமான மனுஷன், ஒரு சொல் பேச மாட்டார் என்று இரண்டு பக்கமும் சொல்லும். இந்திராணியும் சொல்வாள், ஆனால் அவள் சொல்லும்போது அது வேறு மாதிரி இருக்கும். தோள்பட்டைக்கு உள்ளே ஏதோ சூடாக இறங்கியது. பை வாராக இருக்கும். பையை வலது தோளுக்கு மாற்றினார். மாற்றிய பிறகும் இருந்தது. அப்படியானால் பை வார் இல்லை.

அப்பா வத்தலக்குண்டு வீட்டில் குளிக்கப் போன இடத்தில் போனார். தண்ணீர்த் தொட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார், சோப்பு டப்பாவை மூடிவைத்திருந்தார், துண்டு இடுப்பில் சரியாக இருந்தது. அதாவது அவருக்கு நேரம் இருந்திருக்கிறது. டப்பாவை மூட நேரம் இருந்தவருக்கு ஒரு குரல் கொடுக்க நேரம் இருந்திருக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள், எட்டடி இருக்குமா, பத்தடி இருக்குமா, தனுஷ்கோடி பிறகு ஒரு நாள் அதை அளந்துகூடப் பார்த்தார், பதினோரடி. வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். யாருக்கும் ஒரு தொந்தரவு கொடுக்காமப் போய்ச் சேந்துட்டாருப்பா. கொடுத்துவைத்த மனுஷன். மாலையோடு வந்தவர் சொன்னார், மாலை இல்லாமல் வந்தவரும் சொன்னார், தனுஷ்கோடியும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே நாற்காலி எடுத்துப் போட்டார். அம்மா மட்டும் ஆமாம் சொல்லவில்லை. கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்ல என்றாள். பதினாறாம் நாள் வரை அதையே சொன்னாள், அப்புறமும் ஒவ்வொரு தீபாவளிக்கும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும்போது சொன்னாள். அதில் அழுகை இருந்தால் தேற்றியிருக்கலாம். கோபம்தான் இருந்தது. என்னைய ஒரு மனுஷியா நெனச்சிருந்தா கூப்பிட்டிருப்பாரு. அப்பா அப்போது என்ன நினைத்திருப்பார்? வாயு என்றுதான் நினைத்திருப்பார். இதோ ஒரு ஏப்பம் வந்துவிடும் என்று உட்கார்ந்திருப்பார்.

மேகம் கேரளப் பக்கத்திலிருந்து ஏறியது. பால் பொங்குவதுபோல் விளிம்புக்கு வந்து, விளிம்பில் நிற்காமல் பாதை மேலேயே வழிந்தது. முதலில் வழிகாட்டியின் குல்லா போயிற்று, அப்புறம் முதுகுகள் ஒவ்வொன்றாக, கடைசியில் ஊதாத் தொப்பி. சில்லென்று முகத்தில் ஈரம் பட்டது. "யாரும் விலகாதீங்க, ஒரே தடம்தான்!" என்று முன்னால் யாரோ சொன்னார்கள். தனுஷ்கோடி இரண்டு அடி வைத்தார், மூன்றாவது அடிக்கு நெஞ்சு சம்மதிக்கவில்லை. மாடிப்படியில் வந்த அதே பிடிப்பு, ஆனால் அன்று பூனைக்குட்டி, இன்று பெரிய பூனை. பாதை ஓரத்தில் ஒரு பாறை இருந்தது, அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வியர்த்தது. இந்தக் குளிரில் எதற்கு வியர்க்கிறது என்று வேறு யாருடைய உடம்பையோ பார்ப்பதுபோல் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்து, அதை நாலாக மடித்து, மறுபடி பையில் வைத்தார். மடித்து வைக்கத் தோன்றியதே என்று ஒரு நொடி உறைத்தது. இப்போது கூப்பிடலாம். எஸ்தர் டீச்சர் இருபது அடியில்தான் இருப்பார். கூப்பிட்டால் என்ன ஆகும்? டீச்சர் ஐயோ என்பார், எல்லாரும் திரும்புவார்கள், ராஜாங்கம் மலையே அதிரும்படி ஓடி வருவான், சட்டை பட்டனைக் கழற்றுவான், உள்ளங்காலைத் தேய்ப்பான், வழிகாட்டி டோலி கட்டக் கம்பு வெட்டுவார், எல்லாருடைய நாளும் பாழ். அந்த நேரம் பார்த்து அந்த ஏப்பம் வரும். வந்தால்? பத்து வருஷத்துக்கு ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் ராஜாங்கம் இந்தக் கதையைச் சொல்வான். எங்க மச்சான் ஏப்பம் விடுறதுக்குப் பதினோரு பேரைக் கூப்பிட்டாரு. இதற்குப் பயந்தா ஒரு மனிதன் பேசாமல் இருப்பான்? இருப்பான். தனுஷ்கோடி இருந்தார்.

அப்புறம்தான் அந்த நல்ல யோசனை வந்தது. கூப்பிடத் தேவையே இல்லை. இன்னும் கொஞ்சத்தில் கதிரேசன் நிறுத்தித் தலை எண்ணுவார். லாபம், ரெண்டு, மூணு என்று வரும், பதினொன்றில் நிற்கும். பன்னிரண்டு வராது. அவ்வளவுதான், தெரிந்துவிடும். அவர் ஒன்றும் செய்ய வேண்டாம், சொல்ல வேண்டாம், கேட்க வேண்டாம், கணக்கு அவருக்காகக் கூப்பிட்டுவிடும். அவர்களாக வந்தால் அது தொந்தரவு கொடுத்தது ஆகாது. இப்படி நினைத்ததும் பிடிப்பு கொஞ்சம் தளர்ந்ததுபோலக்கூட இருந்தது. பாறையில் சரியாக உட்கார்ந்துகொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப்போல் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். இந்திராணி இப்போது துணி மடித்துக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் துணி மடிப்பாள், மடிக்கும்போது ஏதாவது கேட்பாள், அவர் ம் என்பார். முப்பத்தொரு வருஷ ம். ஒரு தடவை அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு, உங்களுக்கு நான் எதுக்காச்சும் வேணுமா என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. காபி வேணுமா என்று கேட்பதுபோல்தான் கேட்டாள். அதற்கும் ம் என்றார். அந்த ம் ஆமாம்தான், ஆனால் அவளுக்கு எப்படித் தெரியும்?

காற்று திரும்பியது, முன்னால் இருந்த குரல்கள் அதோடு வந்தன. மேகத்துக்குள் குரல்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் கேட்டன. "எண்ணிக்கை சொல்லுங்கப்பா!" இது கதிரேசன். "லாபம்." "ரெண்டு." "மூணு." தனுஷ்கோடி நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு, ஐந்து, ஆறு. ஏழு ஒரு பெண் குரல். அதற்குப் பிறகு ராஜாங்கத்தின் தொண்டை, சந்தேகமே இல்லை, "ஒம்பது" என்றது. பத்து. பதினொண்ணு. அப்புறம் எஸ்தர் டீச்சரின் மெல்லிய குரல், கொஞ்சம் தயங்கி, "பன்னிரண்டு" என்றது. "சரி, கிளம்பலாம்" என்றார் கதிரேசன்.

தனுஷ்கோடிக்கு விளங்க இரண்டு நொடிகூட ஆகவில்லை. எட்டு. ராஜாங்கம் எட்டு சொல்ல மாட்டான். எட்டு சனியுடைய எண் என்று எவனோ ஒரு ஜோசியன் சொன்ன நாளிலிருந்து அந்த எண் அவன் வாயில் வருவதில்லை. நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறது என்று ஓடிக்கொண்டிருந்த நல்ல ஸ்கூட்டரை விற்றான், மகளுக்கு எட்டாம் தேதி நிச்சயம் வைக்க விடவில்லை. வரிசையில் எட்டாவது இடம் வந்தால் வழக்கமாக யாரையாவது முந்திக்கொண்டு நின்றுவிடுவான். இன்று சாப்பாட்டுக்குப் பிறகு இடம் மாறி அங்கே வந்து சேர்ந்திருக்கிறான். இரண்டு பக்கமும் பள்ளம், முந்த வழி இல்லை, அதனால் எண்ணைத் தாண்டிவிட்டான். நீங்க ஒண்ணுக்கு லாபம் சொல்லலாம், நான் எட்டை விடக் கூடாதா என்று கேட்பான். பாவம் டீச்சர், தன் வாயில் பன்னிரண்டு வந்ததும் தான்தான் கடைசி போலிருக்கிறது, சார் எப்போதோ முன்னால் போய்விட்டார் என்று நினைத்திருப்பார். பதினோரு பேர் நின்று பன்னிரண்டு எண்ணிவிட்டார்கள். அளவில் பிழை எங்கே என்று கண்டுபிடித்த திருப்தி ஒரு கணம் வந்தது, சிரிப்புகூட வந்தது. அதன் பின்னாலேயே நிம்மதி வந்தது, அதுதான் அசிங்கம். அப்பாடா, யாருக்கும் தொந்தரவு இல்லை. கணக்கு நேராகிவிட்டது. அவர் இல்லாமலே பன்னிரண்டு வருகிறது.

காலடிச் சத்தம் நகர ஆரம்பித்தது. கற்கள் உருண்டன, யாரோ சிரித்தார்கள், ஒரு தண்ணீர் பாட்டில் பையில் இடித்துக்கொண்டே போனது. இவையெல்லாம் தேய்வதைத் தனுஷ்கோடி கவனமாகக் கேட்டார். முப்பது அடி. நாற்பது. நிம்மதி எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அது இருந்த இடத்தில் பயம் இருந்தது. சாகப் பயமாக இருந்தது. இந்தப் பாறையில், இந்த ஈரத்தில், கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு சாக அவருக்கு இஷ்டம் இல்லை. ராஜாங்கம் என்று கூப்பிட வாயைத் திறந்தார், பெயர் பாதியில் மூச்சாகப் போய்விட்டது. யாராவது வாங்க என்று கூப்பிட அவருக்கு வராது, ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. ஆனால் எண்கள் வரும். அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சங்கிலிக்காரர்கள் வயலின் அந்தக் கோடியில் நிற்பார்கள், இவர் இந்தக் கோடியிலிருந்து எண்ணைக் கத்துவார், முப்பத்துநான்கு வருஷம் இந்தத் தொண்டை உரக்கச் சொன்னது எண்களை மட்டும்தான். இரண்டு கைகளையும் பாறையில் ஊன்றினார்.

"எட்டு!"

மேகம் அதை வாங்கிக்கொண்டது. ஒன்றும் கேட்கவில்லை. பாட்டில் இடிக்கும் சத்தம் நின்றதா, தொலைந்ததா? இன்னொரு மூச்சு சேர்த்தார். அதைச் சேர்க்க வெகுநேரம் பிடித்தது.

"எட்டு! எட்டு!"

"எவன்டா அவன்?" என்று தூரத்தில் ராஜாங்கம். அப்புறம் வேறு குரலில், "மச்சான்?"

ஓடி வருகிற காலடி கேட்டது. வழிகாட்டி ஓடாதீங்க ஓடாதீங்க என்று பின்னால் கத்தினார். வெள்ளைக்குள்ளிருந்து முதலில் ராஜாங்கத்தின் தொப்பை வந்தது, பிறகு முகம். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. தவறு எங்கே என்று அவனுக்கும் ஓடி வரும்போதே விளங்கியிருக்க வேண்டும்.

"முன்னாடி போயிட்டீகன்னு நெனச்சேன் மச்சான். சத்தியமா முன்னாடி போயிட்டீகன்னுதான்... நான் ஒரு கூறுகெட்டவன்." முன்னால் மண்டியிட்டு அவர் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு மூச்சிரைத்தது. "என்ன செய்யுது? கால் பெசகிருச்சா? ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

தனுஷ்கோடி உதட்டை அசைத்தார். சொன்னார் என்றுதான் நினைத்தார். காற்று அந்தப் பக்கம் அடித்தது.

"கேக்கல மச்சான். காத்துல ஒண்ணும் கேக்கல. என்ன சொன்னீக?"

இப்போதுகூட ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். கால்தான் என்று சொல்லலாம், பெசகிருச்சு மாப்ள, கொஞ்சம் உக்காந்துட்டு வாறேன், நீ போ. அவன் நம்புவான், நம்பத்தான் ஆசைப்படுகிறான், கண்ணிலேயே தெரிந்தது. அவனுக்குப் பின்னால் மேகத்தில் மற்றவர்களின் உருவங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றுகொண்டிருந்தன. தனுஷ்கோடி ராஜாங்கத்தின் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"வலிக்குது மாப்ள" என்றார். இந்த முறை அந்தக் கோடிக்குக் கேட்கிற குரலில் சொன்னார். "மூணு வாரமா வலிக்குது. ஒங்க அக்காட்டகூட சொல்லல. எனக்குப் பயமா இருக்கு, என்னைய விட்டுட்டுப் போகாதீங்க."

நின்றிருந்த எல்லாருக்கும் அது கேட்டது.